ஈயத்தின் மேல் 25 மைக்ரான்

காரீயத் துண்டு ஒன்றை நகத்தால் கீறினால் கோடு விழும். அதே நகம் இரும்பில் வழுக்கிக்கொண்டு போகும். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள வெப்பநிலையைக் கெல்வின் அளவில் எண்ணிப் பார்க்க வேண்டும். காரீயம் உருகுவது 327.5 டிகிரி செல்சியஸில், அதாவது சுமார் 600 கெல்வினில். நம் அறையின் 27 டிகிரி என்பது 300 கெல்வின். ஆக, மேசைமேல் சும்மா கிடக்கும் காரீயம் ஏற்கெனவே தன் உருகுநிலையின் பாதித் தொலைவைக் கடந்து நிற்கிறது. இரும்பை அந்த நிலைக்குக் கொண்டுவர 630 டிகிரி வரை காய்ச்ச வேண்டும். அப்போது அது மங்கிய சிவப்பாகக் கனன்றுகொண்டிருக்கும். நாம் குளிர்ந்த உலோகம் என்று நினைத்துக் கையில் எடுக்கும் காரீயம், உலோகவியல் கணக்கில், உலையில் கிடக்கும் இரும்புக்கு நிகரானது.

துப்பாக்கியின் குண்டுக்குப் பல நூற்றாண்டுகளாகக் காரீயத்தைத் தேர்ந்தெடுக்க வைத்தது இந்த மென்மையும், ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.34 கிராம் என்ற எடையும்தான். சாதாரண அடுப்பில் உருகும், அச்சில் ஊற்றினால் நொடிகளில் உறையும், சிறிய உருவத்தில் நிறைய எடையைச் சுமக்கும். ஆனால் எந்த மென்மை அதை வார்க்க எளிதாக்கியதோ, அதுவே சுடும்போது தொல்லையாகிறது. அந்தத் தொல்லைக்கு அமெரிக்காவில் வீட்டில் குண்டு வார்ப்பவர்கள் கண்ட அண்மைக்கால விடைதான் பவுடர் கோட்டிங். நம் ஊரில் அலுமினிய ஜன்னலுக்கும் இரும்பு பீரோவுக்கும் வண்ணம் ஏற்றும் அதே பவுடர், அதே வேதியியல். அமெரிக்காவில் தோட்டாவை வீட்டிலேயே தயாரித்துக்கொள்வது சட்டத்துக்கு உட்பட்ட பழைய பொழுதுபோக்கு. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். இங்கே நாம் பார்க்கப் போவது ஒரு மெல்லிய பூச்சு எதைத் தடுக்க வல்லது, எதைத் தடுக்க முடியாதது என்பதை. அந்தக் கேள்விக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

குழலுக்குள் ஒரு மில்லி விநாடி

9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். குண்டின் எடை சுமார் 8 கிராம். வெடிமருந்து பற்றியதும் அதன் பின்னால் வளிமண்டல அழுத்தத்தைப் போல 2,000 மடங்குக்கு மேற்பட்ட அழுத்தம் எழலாம். எரியும் வாயுவின் வெப்பம் 2,000 டிகிரியைத் தாண்டும். பத்து சென்டிமீட்டர் குழலைக் கடந்து குண்டு வெளியேறும்போது அதன் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர். இவ்வளவும் நடந்து முடிய ஒரு மில்லி விநாடிகூட ஆவதில்லை.

குழலின் உட்சுவர் வழவழப்பானது அல்ல. திருகு மரைபோல் சுழன்று செல்லும் பள்ளங்களும் மேடுகளும் அதில் உண்டு. குண்டைச் சுழலவைத்து நேராகப் பறக்கவிடுவதற்காக வெட்டப்பட்டவை அவை. 25 சென்டிமீட்டருக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் வெட்டிய குழலிலிருந்து வரும் குண்டு விநாடிக்கு 1,400 முறை சுழலும். அந்த மேடுகள் குண்டின் பக்கவாட்டில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பதிந்தால்தான் பிடிப்பு கிடைக்கும்.

காரீயம் இங்கேதான் தடுமாறுகிறது. குண்டு குழலுக்குச் சற்றே சிறியதாக இருந்தால் இடுக்கு வழியாகச் சூடான வாயு பீறிட்டு அதன் ஓரத்தை அரித்துச் செல்லும். உராய்வும் சேர்ந்துகொள்ள, காரீயம் துகளாகவும் படலமாகவும் குழலின் சுவரில் அப்பிக்கொள்ளும். அடுத்தடுத்த குண்டுகள் அந்தப் படிவின் மேல் உரசிப் போகப் போகக் குறி தவறும். பின்பு கம்பித் தூரிகையால் நெடுநேரம் தேய்க்க வேண்டிவரும்.

கொழுப்பு, மெழுகு, செம்பு

இதற்கு முதல் மருந்து கொழுப்பு. விலங்குக் கொழுப்பையும் தேன்மெழுகையும் தடவிக் காரீயத்தைக் குழலுக்குள் செலுத்துவது பழைய வழக்கம். இந்திய வரலாற்றையே அசைத்த கொழுப்பும் இதுதான். 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கியின் காகிதத் தோட்டாவில் காரீயக் குண்டு எளிதாக இறங்குவதற்காகக் கொழுப்பு தடவப்பட்டிருந்தது. அது பசுவினுடையது, பன்றியினுடையது என்ற செய்தி பரவியது. 1857 ஏப்ரலில் மீரட்டில் குதிரைப்படை வீரர்கள் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். மே 10ஆம் நாள் அங்கே கிளர்ச்சி வெடித்தது. அதன் காரணங்கள் பல, ஆழமானவை. ஆனால் அந்தத் தோட்டாவில் கொழுப்பு ஏன் இருந்தது என்று கேட்டால், விடை மென்மையான ஓர் உலோகத்தின் உராய்வில் போய் நிற்கும்.

இரண்டாவது மருந்து செம்பு. 1884இல் பிரெஞ்சு வேதியியலாளர் பால் வியே புகையில்லா வெடிமருந்தை உருவாக்கினார். அது குண்டுக்குத் தந்த வேகத்தை வெறும் காரீயமும் கொழுப்பும் தாங்கவில்லை. அதற்குச் சற்று முன்பு, 1882இல், சுவிட்சர்லாந்தின் எட்வர்டு ரூபின் காரீயத்தின் மேல் செம்பு உறை மாட்டிய குண்டை வடிவமைத்திருந்தார். 1,085 டிகிரியில் உருகும் செம்பு குழலின் உராய்வைத் தாங்கியது. இன்றைய ராணுவக் குண்டுகள் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவை.

செம்பு உறையை அழுத்தி மாட்டுவதற்கு விலை உயர்ந்த அச்சுகளும் அழுத்துக் கருவிகளும் வேண்டும். வீட்டில் வார்ப்பவருக்கு அது எட்டாது. அவர் காரீயத்தைக் கடினமாக்கும் வழியைத் தேடினார். ஆன்டிமனியும் வெள்ளீயமும் கலந்தால் காரீயம் இறுகும். தூய காரீயத்தின் கடினம் பிரினெல் அளவில் சுமார் 5. அச்சு எழுத்து வார்க்கும் லைனோடைப் உலோகத்தில் 84 விழுக்காடு காரீயம், 12 விழுக்காடு ஆன்டிமனி, 4 விழுக்காடு வெள்ளீயம். அதன் கடினம் 22. ஓட்மர் மெர்கந்தாலரின் லைனோடைப் இயந்திரம் 1886இல் நியூயார்க் ட்ரிப்யூன் நாளிதழில் ஓடத் தொடங்கியது. ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு அந்த இயந்திரங்கள் ஓய்ந்தபோது, செய்தி அச்சிட்ட உலோகத்தில் ஒரு பகுதி குண்டு வார்ப்பவர்களின் கைக்கு வந்தது. கார்ச் சக்கரங்களைச் சமன்செய்ய விளிம்பில் மாட்டும் காரீய எடைகள் இன்னொரு மூலம். ஐரோப்பாவும் அமெரிக்க மாநிலங்கள் சிலவும் அவற்றைத் தடைசெய்த பிறகு அதுவும் வற்றி வருகிறது. கடினமான உலோகம் அரிதானபோது, மென்மையான உலோகத்துக்கே பாதுகாப்புத் தேட வேண்டியதாயிற்று.

பவுடர் ஒட்டும் விதம்

பவுடர் கோட்டிங் ஜெர்மனியில் பிறந்தது. எர்வின் கெம்மர் என்ற ஆய்வாளர் 1950களின் தொடக்கத்தில், காற்றில் கொதிப்பதுபோல் மிதக்கும் பிளாஸ்டிக் பவுடருக்குள் சூடான உலோகத்தை முக்கியெடுக்கும் முறையை உருவாக்கினார். 1960களில் மின்னேற்றிய பவுடரைப் பீய்ச்சும் முறை வந்தது. கரைப்பான் இல்லை, ஆவியாகிப் போகும் பெயின்ட் மணம் இல்லை, கீழே சிந்திய பவுடரைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். தொழிற்சாலைகள் அதை வேகமாக ஏற்றுக்கொண்டதற்கு இவையே காரணம்.

பவுடரின் ஒவ்வொரு துகளும் ஒரு முழுமையான கலவை. பிசின், அதை இறுக்கும் பொருள், நிறமி, பரவச் செய்யும் பொருள் எல்லாவற்றையும் சேர்த்து உருக்கிக் கலந்து, தகடாக்கி, பொடித்துச் சலித்தால் கிடைப்பது அது. துகளின் அளவு பெரும்பாலும் 30 முதல் 50 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரின் முப்பதில் ஒரு பங்கு முதல் இருபதில் ஒரு பங்கு வரை.

வீட்டில் இதைச் செய்பவர்கள் பெரும்பாலும் மின்னேற்றிய பவுடரைப் பீய்ச்சும் கருவியைப் பயன்படுத்துவதில்லை. ஒரு பாலிப்ரொப்பிலீன் டப்பா, அதில் விளையாட்டுத் துப்பாக்கியில் போடும் 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் மணிகள், ஒரு கரண்டி பவுடர், ஒரு கை குண்டுகள். மூடிக் குலுக்கினால் போதும். திறக்கும்போது சாம்பல் நிறக் குண்டுகள் சிவப்பாகவோ பச்சையாகவோ மாறியிருக்கும்.

இரண்டு வேறு பொருள்கள் தொட்டுப் பிரியும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மின்னூட்டம் தாவும். உராய்வு மின்னேற்றம் என்பது அதுதான். டப்பாவின் சுவரிலும் மணிகளிலும் மோதி மோதிப் பவுடர்த் துகள் ஒவ்வொன்றும் மின்னூட்டம் பெறுகிறது. பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், வந்த மின்னூட்டம் துகளிலேயே தங்கிவிடுகிறது. காரீயமோ கடத்தி. எதிர் மின்னூட்டம் கொண்ட ஒரு துகள் அதன் அருகே வந்ததும், உலோகத்துக்குள் இருக்கும் எலக்ட்ரான்கள் அந்த இடத்தை விட்டு விலகும். அங்கே நேர் மின்னூட்டம் மேலோங்கும். துகளை அது இழுத்துப் பிடித்துக்கொள்ளும். துகளின் மின்னூட்டம் நேர்மாறாக இருந்தாலும் விளைவு இதுவேதான். குண்டைத் தரையோடு கம்பியால் இணைக்க வேண்டிய தேவைகூட இல்லை.

இந்த ஈர்ப்பு தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்கிறது. துகள்கள் ஒட்ட ஒட்ட அவற்றின் மின்னூட்டம் புதிதாக வரும் துகளைத் தள்ளும். வெறுமையாக இருக்கும் இடம் இழுக்கும், நிறைந்த இடம் விலக்கும். கையால் தடவினால் வராத சீரான படலம் குலுக்கினாலே வருவதற்கு இதுவே காரணம். மழைக்காலத்தில் பவுடர் ஒட்ட மறுக்கிறது என்று வார்ப்பவர்கள் சொல்வதற்கும் விளக்கம் இங்கேயே உண்டு. ஈரக்காற்றில் பிளாஸ்டிக்கின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிகிறது. அதன் வழியே மின்னூட்டம் கசிந்துவிடுகிறது.

ஓவனில் இருபது நிமிடம்

பவுடர் பூசிய குண்டு இப்போதைக்கு விரல் பட்டாலே கலைந்துவிடும். அதை ஒரு பழைய டோஸ்டர் ஓவனில் சுமார் 200 டிகிரியில் வைக்கிறார்கள். பவுடர் முதலில் உருகிப் பரவுகிறது. பிறகு அதற்குள் வேதிவினை தொடங்குகிறது. பாலியெஸ்டர் சங்கிலிகளின் முனையில் உள்ள அமிலத் தொகுதிகளை, மூன்று பக்கமும் பிடிக்கக்கூடிய இறுக்கும் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கட்டுகின்றன. தனித்தனிச் சங்கிலிகள் ஒரே வலையாகின்றன. உருகிய மெழுகு ஆறினால் மெழுகுதான், திரும்பவும் உருகும். வெந்த முட்டையோ எவ்வளவு சூடாக்கினாலும் மறுபடி இளகாது. பவுடர் கோட்டிங் இரண்டாவது வகை.

இதில் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒரு கணக்கு உண்டு. காரீயத்தின் வெப்ப ஏற்புத்திறன் மிகக் குறைவு. 8 கிராம் எடையுள்ள 100 குண்டுகளை 25 டிகிரியிலிருந்து 200 டிகிரிக்குக் கொண்டுபோக சுமார் 18,000 ஜூல் போதும். அதே எடைத் தண்ணீரை அந்த வெப்பம் 5 டிகிரிதான் உயர்த்தும். 1,200 வாட் ஓவனின் வெப்பம் முழுவதும் உலோகத்துக்குள் போனால் 15 விநாடியில் வேலை முடிந்துவிட வேண்டும். நடப்பில் பல நிமிடங்கள் ஆகின்றன. காற்று வெப்பத்தைக் கைமாற்றும் வேகம் அவ்வளவு குறைவு. ஓவனின் முள் காட்டுவது காற்றின் வெப்பத்தை. பவுடர் இறுகுவது உலோகத்தின் வெப்பத்தில். முள் 200ஐத் தொட்டதுமே நேரத்தை எண்ணத் தொடங்குபவருக்குக் கிடைப்பது அரைவேக்காட்டுப் பூச்சு.

மறுபக்கம் மிஞ்சியும் போகக் கூடாது. ஆன்டிமனியும் வெள்ளீயமும் கலந்த காரீயம் சுமார் 240 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். பவுடர் இறுகும் வெப்பத்துக்கும் குண்டு குலையும் வெப்பத்துக்கும் நடுவே 40 டிகிரிதான் இடைவெளி. மலிவான ஓவனில் கம்பிக்கு அருகே உள்ள மூலை அந்த இடைவெளியைத் தாண்டிவிடலாம். வெந்நிலையில் தண்ணீரில் போட்டுக் கடினமாக்கிய குண்டுகளுக்கு இன்னொரு விளைவும் உண்டு: இந்தச் சூட்டில் அந்தக் கடினத்தில் ஒரு பகுதி கரைந்துவிடும்.

பூச்சு வெந்ததா என்பதற்கு இரண்டு சோதனைகள் வழக்கத்தில் உள்ளன. அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்துப் பார்ப்பது ஒன்று. வலையாகாத பிசின் கரைந்து துணியில் நிறம் ஏறும். குண்டைச் சுத்தியலால் தட்டித் தகடாக்குவது மற்றொன்று. காரீயம் நசுங்கிப் பரவும்போது பூச்சும் கூடவே நீள வேண்டும், உரிந்து விழக்கூடாது. பார்க்க முரட்டுத்தனமாக இருந்தாலும் இந்தச் சோதனை பொருத்தமானது. பூச்சின் தடிமன் சுமார் 25 மைக்ரான். குழலின் மேடு குண்டில் பதியும் ஆழம் 100 மைக்ரான். தன் தடிமனைப் போல் நான்கு மடங்கு ஆழமான பள்ளத்துக்குள் கிழியாமல் வளைந்து இறங்கும் பூச்சுதான் குழலில் தாக்குப்பிடிக்கும்.

பிளாஸ்டிக்கால் 2,000 டிகிரி வாயுவை எப்படித் தாங்க முடிகிறது? நேரம்தான் அதைக் காப்பாற்றுகிறது. ஒரு மில்லி விநாடியில் வெப்பம் பாலிமருக்குள் ஊடுருவும் தொலைவு ஏறத்தாழ 10 மைக்ரான். காரீயத்துக்குள்ளாக இருந்தால் அதே நேரத்தில் 150 மைக்ரான் போயிருக்கும். 25 மைக்ரான் பூச்சின் மேற்பகுதி சூடாகும்போதே குண்டு குழலை விட்டு வெளியேறிவிடுகிறது. வெப்பம் பெரும்பாலும் உலோகத்தை எட்டுவதே இல்லை. ஒரு விநாடி நீடித்தால் இந்தப் பாதுகாப்பு செல்லாது. ஒரு மில்லி விநாடிக்கு இது தாராளம்.

எலும்பில் பல ஆண்டுகள்

மேலே சொன்ன வெற்றியைப் பார்த்து, பூச்சு வந்துவிட்டால் காரீயத்தின் நஞ்சும் அடங்கிவிடும் என்று நம்பத் தோன்றும். அந்த நம்பிக்கையில் ஒரு பகுதிதான் உண்மை.

பூசிய குண்டைக் கையில் எடுத்தால் விரலில் காரீயம் ஒட்டாது. வழக்கமான செம்பு உறைக் குண்டுகளில் பலவற்றுக்கு அடிப்பாகம் திறந்திருக்கும், எரியும் வாயு அங்கே காரீயத்தை நேரடியாகத் தாக்கும். பவுடர் அடிப்பாகத்தையும் மூடுகிறது. இவை உண்மையான நன்மைகள்.

ஆனால் பூச்சு ஏறுவதற்கு முன்பே காரீயம் பல வழிகளில் மனிதரை அடைந்துவிடுகிறது. பழைய உலோகத்தை உருக்கும்போது மேலே மிதக்கும் கசட்டைக் கரண்டியால் வழித்தெடுப்பார்கள். சாம்பல்போன்ற அந்தப் பொடியில் காரீய ஆக்சைடு நிறைந்திருக்கும். அது காற்றில் எழும், சட்டையில் படியும், காலணியோடு வீட்டுக்குள் வரும். உணவுக்கு முன் கழுவாத கை அதை வாய்க்குக் கொண்டுபோகும். சுடும்போதும் பிரச்சினை தீர்வதில்லை. வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியில் பெரும்பாலும் காரீயச் சேர்மமான லெட் ஸ்டிஃப்னேட் இருக்கும். குண்டுக்கு எத்தனை பூச்சு போட்டாலும் அந்தப் புகையில் காரீயம் வரும்.

உடலுக்குள் போன காரீயம் கால்சியத்தின் இடத்தைப் பிடிக்கிறது. இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய சுமார் ஒரு மாதம் ஆகும். எலும்பில் அதற்குப் பத்து முதல் முப்பது ஆண்டுகள் ஆகும். கருவுற்ற காலத்தில் எலும்பிலிருந்து கால்சியம் கரையும்போது பழைய காரீயமும் கூடவே கரைந்து கருவை அடைகிறது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது குலைக்கிறது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று காரீயத்துக்குத் தெரியவரவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், குழந்தையின் இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் இருந்தாலே கவனிக்க வேண்டும் என்று 2021இல் வரையறுத்தது.

எனவே இதில் ஈடுபடுபவர்களிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியவை சில உண்டு. உருக்குவது வீட்டுக்கு வெளியே, காற்றோட்டத்தில் நடக்க வேண்டும். சிந்திய கசட்டுப் பொடியை, எல்லாம் ஆறிய பிறகு ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும், துடைப்பத்தால் கிளப்பக் கூடாது. வேலைச் சட்டை குழந்தைகளின் துணியோடு துவைக்கப்படக் கூடாது. இதற்கென்று எடுத்த ஓவனில் அதன்பிறகு ஒருபோதும் உணவு சூடாக்கக் கூடாது. பவுடரும் மூச்சில் போகத் தக்கதல்ல. சில பவுடர்களில் இறுக்கும் பொருளாக உள்ள டிஜிஐசி என்ற சேர்மத்தை, மரபணுவைச் சிதைக்கக்கூடியது என்று ஐரோப்பிய ஒன்றியம் வகைப்படுத்தியிருக்கிறது. நிறத்தைப் பார்ப்பதோடு நில்லாமல் பாக்கெட்டில் உள்ள எச்சரிக்கையையும் படிப்பது நல்லது.

இலக்கைத் தொட்ட பிறகு

1982இல் உலகம் முழுவதும் எஞ்சியிருந்த கலிபோர்னியா காண்டார் கழுகுகள் 22. 1987இல் காட்டில் இருந்த கடைசிப் பறவையையும் பிடித்துப் பாதுகாப்பில் வைத்துத்தான் இனத்தைக் காப்பாற்ற முடிந்தது. பின்னர் காட்டில் விடப்பட்ட பறவைகளைக் கொல்லும் காரணங்களில் காரீய நஞ்சு முதன்மையானது. வேட்டைக்காரர் மானைச் சுட்டு, குடலை அங்கேயே விட்டுச் செல்வார். அதில் சிதறிக் கிடக்கும் காரீயத் துணுக்குகளைப் பிணந்தின்னும் பறவை இறைச்சியோடு விழுங்கும். வயிற்று அமிலம் மீதியைச் செய்துவிடும்.

இங்கே 25 மைக்ரான் எதையும் காப்பாற்றாது. விலங்கின் உடலில் பாய்ந்ததும் குண்டு விரிந்து உடைகிறது. பூச்சு கிழிந்து புதிய காரீயம் வெளியே வருகிறது. கலிபோர்னியாவின் சட்டம் இதைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறது. 2019 ஜூலை 1 முதல் அந்த மாநிலத்தில் காட்டு விலங்கு எதையும் காரீயக் குண்டால் சுடக் கூடாது. எடையில் ஒரு விழுக்காட்டுக்கு மேல் காரீயம் இருந்தால் அது காரீயக் குண்டுதான், மேலே என்ன பூசியிருந்தாலும் சரி. நீர்ப்பறவை வேட்டையில் காரீய ரவைகளை அமெரிக்கா முழுவதும் 1991லேயே தடைசெய்துவிட்டார்கள்.

பூச்சு எதுவாக இருந்தாலும் அது எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதை வைத்தே அதை மதிப்பிட வேண்டும். குழலுக்குள் ஒரு மில்லி விநாடிக்குக் கால் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பிளாஸ்டிக் போதும், அதை அழகாகவே செய்கிறது. எலும்பின் பத்தாண்டுகளுக்கும் மண்ணின் நூற்றாண்டுகளுக்கும் அது போதாது. குறிபார்த்துச் சுடும் திடலில், விழுந்த காரீயத்தைத் திரட்டி மீண்டும் உருக்கும் ஒழுங்கும் கை கழுவும் ஒழுங்கும் உள்ள இடத்தில், பவுடர் பூசிய குண்டு பயனுள்ள முன்னேற்றம். பறவையும் விலங்கும் மேயும் காட்டில் உள்ளே இருக்கும் உலோகத்தையே மாற்ற வேண்டும். செம்பும் பிஸ்மத்தும் டங்ஸ்டனும் அதற்குக் காத்திருக்கின்றன. காரீயத்தைவிட விலை கூடுதல்தான். அந்தக் கூடுதல் விலையை வேட்டைக்காரர் தராவிட்டால் காண்டார் தன் உயிரால் தரும்.